பாலியல் வன்முறைக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில என்ன நடக்கும்: முதல் தடவையா கூடப் போறவங்களுக்கு

இத பாதிக்கப்பட்டவங்க படிக்கலாம், ஆனா முக்கியமா அவங்க கூட முதல் தடவையா ஜி.ஹெச். வாசல்ல போய் நிக்கப்போற அம்மா, அக்கா, ஃப்ரெண்டு, ஹாஸ்டல் வார்டன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்காகத்தான் எழுதுறேன். அந்த நேரத்துல அவங்களால எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது, கேள்வி கேக்குற வேலை உங்க தலையிலதான் விழும், அதனால உள்ள என்ன நடக்கும் எது நடக்கவே கூடாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சொல்றது எல்லாம் இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி நடைமுறைய மனசுல வச்சு.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாயிடணும். மெடிக்கல் எக்ஸாமினேஷன்னா போலீஸுக்கு ஆதாரம் எடுத்துக் குடுக்குற வேலைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, டாக்டர்கள்லயே சிலர் அப்படித்தான் நடந்துக்குறாங்க. அது தப்பு. முதல்ல அது வைத்தியம், அப்புறம்தான் ஆதாரம். ரெண்டுலயும் ஒவ்வொரு கட்டத்துலயும் அவங்க "சரி"ன்னு சொன்னாத்தான் அடுத்தது நடக்கணும். 2014ல மத்திய சுகாதார அமைச்சகம் இதுக்குன்னே ஒரு கைட்லைன் போட்டிருக்கு, பாதிக்கப்பட்டவங்கள எப்படி நடத்தணும், என்ன சாம்பிள் எடுக்கணும், எந்த ஃபார்ம்ல எழுதணும்னு எல்லாமே அதுல இருக்கு. டாக்டர்கிட்ட தன்மையா "2014 கைட்லைன்படி பண்ணுங்க டாக்டர்"னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, விஷயம் தெரிஞ்சவங்க கூட வந்திருக்காங்கன்னு அவங்களுக்குப் புரியும்.

நேரம்

சீக்கிரம் போகணும்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. எச்ஐவி வராம தடுக்குற மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது. கர்ப்பத்தைத் தடுக்குற மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள்ள போட்டா நல்லா வேலை செய்யும், 5 நாள் வரைக்கும் குடுக்கலாம், ஆனா நாள் ஆக ஆக பலன் குறையும். உடம்புல இருந்து பஞ்சு சுத்தின குச்சியால துடைச்சு எடுக்குற ஸ்வாப்ல ஏதாவது கிடைக்க வாய்ப்பு 96 மணி நேரம், அதாவது நாலு நாள் வரைக்கும்னு கைட்லைன் சொல்லுது, வாயில எடுக்குறதுன்னா ஒரு நாளுக்குள்ளயே போயிடும்.

சரி, நாலு நாள் தாண்டிடுச்சு, ஒரு வாரம் ஆயிடுச்சு, ஒரு மாசம் ஆயிடுச்சுன்னா? அப்பவும் போகணும். காயத்தோட தழும்பு இருக்கலாம், போட்டிருந்த டிரெஸ் துவைக்காம எங்கயாவது கிடக்கலாம், கர்ப்பமா இருக்கலாம், தொற்று இருக்கலாம், மனசு எந்த நிலையில இருக்குன்னு டாக்டர் எழுதுறதே ஒரு பதிவுதான். "லேட்டா வந்திருக்கீங்க, இனிமே பாத்து ஒண்ணும் பிரயோஜனம் இல்ல"ன்னு யாராவது சொன்னா அத ஏத்துக்காதீங்க, லேட்டா வந்தாலும் பாக்கவேண்டியது அவங்க கடமை.

வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி

குளிக்கணும், தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவணும், அந்தத் துணிய கண்ணுல படாம தூக்கி எறியணும்னுதான் அவங்களுக்குத் தோணும், அது ரொம்ப இயல்பு. முடிஞ்சா குளிக்காம, பல் தேய்க்காம, நகம் வெட்டாம, டிரெஸ் மாத்தாம அப்படியே போறது நல்லது. ஏற்கனவே குளிச்சிட்டாங்கன்னா "ஐயோ ஏன் குளிச்ச"ன்னு ஒரு வார்த்தை கூட வாயில வரக்கூடாது. குளிச்சாலும் எல்லாமே போயிடாது, துணியில இருக்கும், நகத்துல இருக்கும், உள்ள எடுக்குற ஸ்வாப்லயும் கிடைக்கலாம்.

டிரெஸ் மாத்திட்டாங்கன்னா பழைய டிரெஸ்ஸ துவைக்காம, உதறாம, ஒவ்வொண்ணையும் தனித்தனியா பேப்பர் கவர்ல போடுங்க. பிளாஸ்டிக் கவர் வேணவே வேணாம், ஈரம் உள்ளயே நின்னு பூஞ்சை பிடிச்சு டிஎன்ஏ கெட்டுப்போயிடும். உள்ளாடை, போட்டிருந்த நாப்கின், படுக்கை விரிப்பு எல்லாமே இதே மாதிரிதான். ஏதோ குடிக்கக் குடுத்து மயக்கிட்டாங்கன்னு சந்தேகம் இருந்தா, முதல் சிறுநீர் முக்கியம், ஆஸ்பத்திரி போற வரைக்கும் அடக்க முடியலன்னா சுத்தமான ஒரு டப்பாவுல பிடிச்சு மூடி எடுத்துட்டுப் போங்க. ஃபோன்ல வந்த மெசேஜ், கால் லிஸ்ட், ஃபோட்டோ எதையும் டெலீட் பண்ண விடாதீங்க, அவன பிளாக் பண்ணணும்னா கூட முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டுப் பண்ணச் சொல்லுங்க.

ஒரு பை ரெடி பண்ணுங்க: மாத்துத் துணி (உள்ளாடையோட சேத்து, ஏன்னா போட்டிருக்கிறத அங்க வாங்கி வச்சிடுவாங்க), செருப்பு, துண்டு, நாப்கின், தண்ணி, பிஸ்கட், ஃபோன் சார்ஜர். ஐடி கார்டு இருந்தா எடுத்துக்கோங்க, இல்லன்னாலும் அதுக்காக கிளம்பாம இருக்காதீங்க. வாயில ஏதாவது நடந்திருந்தா மட்டும் வாயில ஸ்வாப் எடுக்குற வரைக்கும் சாப்பிடாம குடிக்காம இருந்தா நல்லது, எடுத்ததும் உடனே குடிக்க ஏதாவது குடுங்க.

எங்க போறது, முதல்ல போலீஸா ஆஸ்பத்திரியா

எதுக்கு வேணா முதல்ல போகலாம். எஃப்ஐஆர் போட்டு, போலீஸ் லெட்டர் குடுத்தாத்தான் டாக்டர் தொடுவார்ங்கிறது சட்டத்துல இல்ல. போலீஸ் கேக்குறதுக்கு முன்னாடியே நேரா வந்தவங்கள டாக்டர் பரிசோதிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2000த்துலயே மஞ்சண்ணா கேஸ்ல சொல்லியாச்சு. இப்ப இருக்கிற பிஎன்எஸ்எஸ் சட்டம் (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 397வது பிரிவுப்படி அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, முதலுதவியும் சிகிச்சையும் உடனே, காசு வாங்காம குடுக்கணும். மாட்டேன்னு திருப்பி அனுப்பினா ஆஸ்பத்திரி நடத்துறவருக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்க வழி இருக்கு, அது பிஎன்எஸ், அதாவது தண்டனைச் சட்டத்தோட 200வது பிரிவு. இந்த ரெண்டு நம்பரையும் ஃபோன்ல எழுதி வச்சுக்கோங்க, காஷுவாலிட்டி வாசல்ல நிக்கும்போது ஞாபகம் வராது.

என்னைக் கேட்டா, பக்கத்துல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியோ இருந்தா அங்கயே நேரா போங்கன்னுதான் சொல்வேன். மகப்பேறு டாக்டர், லேப், எச்ஐவி மாத்திரை, சாம்பிள் எடுக்குற கிட் எல்லாம் ஒரே வளாகத்துல இருக்கும், பெரும்பாலும் வாசல்லயே போலீஸ் அவுட்போஸ்ட்டும் இருக்கும். ஆனா ரத்தம் போகுது, மயக்கமா இருக்காங்கன்னா எது பக்கமோ அங்க போங்க, 108 கூப்பிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். துணைக்கு ஆள் வேணும்னா பெண்கள் உதவி எண் 181க்கு போட்டு உங்க மாவட்டத்து சகி மையம் (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையம்) எங்க இருக்குன்னு கேளுங்க, அங்க இருந்து கவுன்சிலரும் சட்ட உதவியும் கிடைக்கும்.

போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் முதல்ல போனீங்கன்னா, சம்பவம் எந்த ஊர்ல நடந்திருந்தாலும் அங்கயே எஃப்ஐஆர் போடணும், "எங்க லிமிட் இல்ல"ன்னு அனுப்பக்கூடாது. வாக்குமூலத்த பெண் போலீஸ்தான் எழுதணும். தகவல் கிடைச்ச 24 மணி நேரத்துக்குள்ள மெடிக்கலுக்கு அனுப்பணும். எஃப்ஐஆர் காப்பி ஃப்ரீ.

காஷுவாலிட்டியில

டூட்டி டாக்டர் ஏ.ஆர். என்ட்ரி போடுவார், ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்னு பேரு, ஆக்சிடென்ட்டே இல்லையேன்னு குழம்பாதீங்க, போலீஸுக்குத் தெரியப்படுத்த வேண்டிய எல்லா கேஸும் அதுலதான் ஏறும். அந்த ஏ.ஆர். நம்பரையும் தேதியையும் குறிச்சுக்கோங்க, பின்னாடி ஒவ்வொரு இடத்துலயும் கேப்பாங்க. வரிசையில நிக்க வைக்கக்கூடாது, எல்லார் முன்னாடியும் "என்ன நடந்துச்சும்மா"ன்னு சத்தமா கேக்கக்கூடாது. கேட்டா நீங்க குறுக்க போய் "தனி ரூம்ல பேசலாம் சார்"னு சொல்லுங்க, கூட வர்றவங்க செய்யிற பெரிய உதவிகள்ல இது ஒண்ணு.

இங்க ஒரு கஷ்டமான கேள்வி வரும்: "எங்களுக்கு கேஸ் வேணாம், வைத்தியம் மட்டும் போதும்." பாதிக்கப்பட்டவங்க 18 வயசு தாண்டினவங்கன்னா, ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் குடுக்கும், அது ஆஸ்பத்திரி மேல இருக்கிற சட்டக் கடமை, ஆனா கேஸ் நடத்த விருப்பமில்லன்னு பாதிக்கப்பட்டவங்க சொன்னத அப்படியே எழுதிக்கிட்டு வைத்தியத்த முழுசா பண்ணணும், புகார் குடுத்தே ஆகணும்னு யாரும் நெருக்கக்கூடாது. 18க்குக் கீழன்னா போக்சோ, அதாவது குழந்தைகள பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்குற சட்டம், அங்க விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், டாக்டரும்தான், நீங்களும்தான். இத குழந்தைகிட்ட மறைச்சு, யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்கன்னு பொய் சத்தியம் பண்ணி கூட்டிட்டுப் போகாதீங்க, அப்புறம் அந்தக் குழந்தை உங்களையும் நம்பாது.

கன்சென்ட் ஃபார்ம்

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பேப்பர் நீட்டுவாங்க. அவசரப்படாதீங்க. பரிசோதனைக்கு, சாம்பிள் எடுக்குறதுக்கு, வைத்தியத்துக்குன்னு தனித்தனியா சம்மதம் கேக்கணும், அவங்களுக்குப் புரியிற பாஷையில விளக்கணும். ஒண்ணுக்கு சரின்னும் இன்னொண்ணுக்கு வேணாம்னும் சொல்லலாம், உதாரணத்துக்கு "காயத்தப் பாருங்க, ரத்தம் எடுங்க, உள்ள மட்டும் பாக்க வேணாம்"னு சொன்னா அப்படியேதான் செய்யணும். பாதியில "போதும் நிறுத்துங்க"ன்னும் சொல்லலாம். வேணாம்னு சொன்னதுக்காக வைத்தியத்த மறுக்க முடியாது.

12 வயசுக்கு மேல இருக்கிறவங்க தானே கையெழுத்துப் போடலாம், அதுக்குக் கீழ உள்ள குழந்தைக்கும், புரிஞ்சுக்க முடியாத நிலையில இருக்கிறவங்களுக்கும் பெத்தவங்களோ பொறுப்பாளரோ போடணும். காது கேக்காதவங்க, பேச முடியாதவங்கன்னா சைகை மொழி தெரிஞ்சவங்கள வரவழைக்கச் சொல்லுங்க. நீங்க கையைக் காட்டி ஊகிச்சு அவங்க சார்பா பதில் சொல்லிடாதீங்க.

ரூமுக்குள்ள

போலீஸ் உள்ள வரக்கூடாது, பெண் போலீஸா இருந்தாலும் சரி. அவங்களுக்கு வேணும்னா நீங்க கூட இருக்கலாம், அவங்க வேணாம்னா வெளிய உக்காருங்க, அதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல, பெத்த அம்மா முன்னாடி சொல்ல முடியாத விஷயம் இருக்கும். பெண் குழந்தைன்னா பெண் டாக்டர்தான் பாக்கணும், போக்சோ 27வது பிரிவு அதச் சொல்லுது, குழந்தை நம்புற ஒரு ஆள் கூட இருக்கணும்னும் சொல்லுது. பெரியவங்களுக்கும் பெண் டாக்டர் கேளுங்க, யாருமே இல்லன்னா ஆண் டாக்டர் பாக்கும்போது ஒரு பெண் ஊழியர் கட்டாயம் கூட நிக்கணும்.

முதல்ல என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. இது விசாரணை இல்ல, எங்க காயம் இருக்கும், எங்க ஸ்வாப் எடுக்கணும், என்ன மருந்து குடுக்கணும்னு முடிவு பண்றதுக்காக. எப்ப நடந்துச்சு, அதுக்கப்புறம் குளிச்சாங்களா, பாத்ரூம் போனாங்களா, கடைசியா பீரியட்ஸ் எப்ப, ஆணுறை போட்டிருந்தானாங்கிற மாதிரி கேள்வி வரும். ஞாபகம் இல்லன்னா "ஞாபகம் இல்ல"ன்னே சொல்லலாம், கோர்வையா சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஊகிச்சு எதையாவது சொல்றதுதான் பின்னாடி கோர்ட்ல சிக்கலாகும். நீங்க பக்கத்துல இருந்து "இல்லடி, ஏழு மணிக்குன்னு சொன்னியே"ன்னு திருத்தாதீங்க, அவங்க வார்த்தை அவங்களோடதா இருக்கட்டும்.

அப்புறம் தரையில ஒரு பெரிய வெள்ளைப் பேப்பர விரிச்சு அது மேல நின்னு டிரெஸ்ஸ ஒவ்வொண்ணா கழட்டச் சொல்வாங்க, துணியில இருந்து முடியோ மண்ணோ விழுந்தா அதுலயே தங்கும்னு. ஒரே நேரத்துல முழுசா துணி இல்லாம நிக்க வைக்க வேண்டியதே இல்ல, ஒரு பகுதி பாக்கும்போது மத்ததெல்லாம் மூடியிருக்கணும், போர்வை கேளுங்க. தலையில இருந்து கால் வரைக்கும் காயம் பாப்பாங்க: காதுக்குப் பின்னாடி, கழுத்து, வாய்க்குள்ள, மணிக்கட்டு, தொடை. ஒவ்வொரு காயத்தோட அளவு, நிறம், இடம் எல்லாம் உடம்புப் படம் வரைஞ்ச ஃபார்ம்ல குறிக்கணும். கழுத்த நெரிச்சிருந்தா அத அழுத்திச் சொல்லுங்க, வெளிய தடமே இல்லன்னாலும் உள்ள ஆபத்தா இருக்கலாம், முழுங்க கஷ்டமா இருக்கா, குரல் மாறியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

நகத்துக்கு அடியில இருந்து சுரண்டி எடுப்பாங்க, ரத்தம், சிறுநீர் எடுப்பாங்க, அந்தரங்க இடத்துல முடிய சீவி எடுப்பாங்க, பஞ்சு சுத்தின குச்சியால ஸ்வாப் எடுப்பாங்க. எங்க எங்க எடுக்கணும்ங்கிறது என்ன நடந்துச்சோ அதப் பொறுத்தது, எல்லாருக்கும் எல்லாமே எடுக்கணும்னு இல்ல. நாலு நாள் தாண்டியிருந்தா உள்ள ஸ்வாப் எடுத்து அவங்கள இன்னொரு தடவை நோகடிக்க அவசியமே இல்லாம போகலாம், கேளுங்க. குழந்தைகளுக்கு உள்ள கருவி விட்டுப் பாக்கணும்னா வைத்தியத்துக்கு உண்மையிலேயே தேவை இருந்தா மட்டும்தான்.

நடக்கவே கூடாதது

டூ ஃபிங்கர் டெஸ்ட். ரெண்டு விரல விட்டு "பழக்கப்பட்டவளா"ன்னு பாக்குறது. இதுல எந்த விஞ்ஞானமும் இல்ல. சுப்ரீம் கோர்ட் 2013லயே இது பெண்ணோட அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுறதுன்னு சொல்லிடுச்சு, 2014 கைட்லைனும் கூடாதுன்னு சொல்லுது, 2022ல மெட்ராஸ் ஹைகோர்ட் தமிழ்நாட்டுல இத உடனே தடை பண்ணச் சொன்னது, அதே வருஷம் அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் இத யார் செஞ்சாலும் ஒழுங்கீனக் குற்றம்னு தீர்ப்பு குடுத்துச்சு. இவ்ளோ சொன்னதுக்கு அப்புறமும் ஒரு டாக்டர் கைய நீட்டினா "நிறுத்துங்க"ன்னு சத்தமா சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. கன்னித்திரை கிழிஞ்சிருக்கா, பழசா புதுசா, இதுக்கு முன்னாடி உறவு இருந்துச்சான்னு எழுதுறதும் தேவையில்லாதது. புதுசா ரத்தம் வர்ற காயம் இருந்தா அத காயமா எழுதலாம், அவ்ளோதான்.

இன்னொண்ணு, இத குடும்பத்துக்குப் புரிய வைக்கிறது உங்க பொறுப்பு: காயம் இல்லன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம் இல்ல. பயத்துல உறைஞ்சு போனவங்க, மிரட்டப்பட்டவங்க, மயக்கத்துல இருந்தவங்க உடம்புல பல நேரம் ஒரு கீறல் கூட இருக்காது. எதிர்த்துப் போராடலங்கிறதால சம்மதிச்சாங்கன்னு ஆகாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. "ரேப் நடந்துச்சா இல்லையா"ன்னு முடிவு சொல்றது டாக்டர் வேலையும் இல்ல, பாத்தத எழுதுறதும் அதுக்கு மருத்துவக் காரணம் சொல்றதும்தான் அவங்க வேலை.

மருந்து வாங்காம வெளிய வராதீங்க

சாம்பிள் எடுத்து முடிஞ்சதும் எல்லாரும் களைச்சுப் போய் கிளம்பிடுறாங்க, பாதி வைத்தியம் இங்கதான் விட்டுப்போகுது. நீங்க நின்னு கேக்கணும்: கர்ப்பத் தடுப்பு மாத்திரை குடுத்தாச்சா (போட்டு 3 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா திரும்பப் போடணும்), எச்ஐவி தடுப்பு மாத்திரை குடுத்தாச்சா, பால்வினைத் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக், ஹெபடைடிஸ் பி ஊசி, காயம் இருந்தா டிடி (டெட்டனஸ்) ஊசி. எச்ஐவி மாத்திரை 28 நாள், ஒரு நாள் விடாம போடணும், குமட்டல் வரும், அதுக்கும் மருந்து கேட்டு வாங்கிக்கோங்க, பாதியில நிறுத்திட்டா பிரயோஜனம் இல்ல.

இதெல்லாம் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் தேவைப்படுறது கிடைக்கணும், கைட்லைன் எல்லாரையும் சேத்துத்தான் பேசுது. பையன்களுக்கும் போக்சோ பொருந்தும். புருஷன் கிட்ட நடந்த வன்முறைன்னா கேஸ் போடுற வழி வேற மாதிரி இருக்கும், 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு, ஆனா மருந்தும் கவனிப்பும் இதேதான்.

சாம்பிளும் ரிப்போர்ட்டும்

ஸ்வாப்ப நிழல்ல காத்தாட காய வச்சு, கவர்ல போட்டு, லேபிள் ஒட்டி, சீல் வச்சு, யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சுன்னு கையெழுத்தோட குடுக்கணும், இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி விட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதத்தான் பிடிப்பார். போலீஸ் மூலமா அது தடயவியல் லேபுக்குப் போகும். டாக்டர் தன் ரிப்போர்ட்ட 7 நாளுக்குள்ள விசாரணை அதிகாரிக்கு அனுப்பணும்னு பிஎன்எஸ்எஸ் 184வது பிரிவு சொல்லுது. லேப் ரிசல்ட் வர நாளாகும், அது வந்த பிறகுதான் கடைசிக் கருத்து.

ரிப்போர்ட்டோட காப்பிய பாதிக்கப்பட்டவங்களுக்கு ஃப்ரீயா குடுக்கணும். கேட்டு வாங்குங்க, அன்னைக்கே கேளுங்க. வாங்கினதும் ஒரு தடவை படிங்க: நேரம் சரியா இருக்கா, சொன்ன காயம் எல்லாம் ஏறியிருக்கா, பேசாத ஏதாவது எழுதியிருக்கா. பேரு, ஃபோட்டோ, ஊரு, ஸ்கூல்னு அடையாளம் தெரியிற எதையும் வெளிய விடுறது குற்றம், பிஎன்எஸ் 72ன்படி ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை, அதனால ரிப்போர்ட்ட ஃபோட்டோ எடுத்து சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க, நியாயம் கேக்குறதுக்காகன்னாலும்.

அதுக்கப்புறம்

ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்ப ஒரு தடவை காட்டுங்க, சில கன்றிப்போன காயம் அப்பதான் நிறம் மாறி வெளிய தெரியும், அதையும் எழுத வைக்கலாம். எச்ஐவி டெஸ்ட் ஆறு வாரம், மூணு மாசம், ஆறு மாசம்னு திரும்பப் பண்ணணும், ஹெபடைடிஸ் ஊசியோட மிச்ச டோஸும் இருக்கும். பீரியட்ஸ் தள்ளிப்போனா உடனே டெஸ்ட் எடுங்க. கர்ப்பம்னா 24 வாரம் வரைக்கும் கலைக்க கருக்கலைப்புச் சட்டத்தோட 2021 திருத்தம் இடம் குடுக்குது, அதுக்கு மேலன்னா ஹைகோர்ட் போகணும், அதனால தள்ளிப்போடாதீங்க. கேஸ் இருக்குதுன்னா கலைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்டயும் விசாரணை அதிகாரிகிட்டயும் சொல்லிடுங்க, அந்தத் திசுவ டிஎன்ஏ டெஸ்டுக்கு எடுத்து வைக்கணும், சொல்லலன்னா ஆதாரம் குப்பையில போயிடும்.

தூக்கம் வராது, திடீர்னு அழுகை வரும், சில பேர் ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போவாங்க, எல்லாமே உண்டு. 14416க்கு போட்டா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி லைன்ல தமிழ்லயே பேசலாம், குழந்தைகளுக்கு 1098. நஷ்டஈட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுங்க, தீர்ப்பு வர வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, இடைக்கால உதவி கேக்கலாம், வழி தெரியலன்னா 15100 அவங்க நம்பர். அந்த மனுவுக்கு எஃப்ஐஆர் காப்பி, ஏ.ஆர். நம்பர், மெடிக்கல் ரிப்போர்ட் கேப்பாங்க, அதனால எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு, ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு செட்ட அந்த வீட்டுல இல்லாம வேற நம்பிக்கையான இடத்துல வைங்க, குற்றவாளி அதே வீட்டு ஆளா இருந்தா இது ரொம்பவே முக்கியம்.